சிவப்புத் துண்டு

மகளைப் பார்க்க அமெரிக்காவுல மிசௌரி போயிருந்தப்ப, பக்கத்துப் பண்ணைப் பெரியவர் துப்பாக்கிக்கு ஸ்கோப் வாங்க என்னையும் கூட்டிக்கிட்டுப் போனார். ஏப்ரல்ல அங்க வான்கோழி வேட்டை. நம்ம தோட்டத்து மயில்மேல கல்லெறியவே யோசிக்கணும். அங்க பெர்மிட் எடுத்தாச் சுடலாம். மாப்பிள்ளைதான் மொழிபெயர்ப்பு.

கடைக்காரப் பையன் ரெட் டாட்டை நீட்டினான். பெரியவருக்குக் கண்ணுல அஸ்டிக்மாடிசம். சிவப்புப் புள்ளி சிதறித் தெரியுதாம். பழைய மாதிரி ஸ்கோப்புல குறுக்குக்கோடு கண்ணாடியிலேயே இருக்கு. பின்முனையைத் திருகினா கூர்மையாயிடும், பேட்டரியும் வேண்டாம்.

"பெருசாக் காட்டுறதையே வாங்குங்க" என்றேன். சிரித்தார். சுடுறதே 40 கஜத்துக்குள்ளதான். ரொம்பப் பெருசாக்கினா கோழித்தலை மட்டும் தெரியும், பின்னால ஆள் நின்னாத் தெரியாது. 1 முதல் 4 மடங்கு வரை காட்டுறதை எடுத்தார். தோளில் வைத்து, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடைவெளி போதுமான்னு திரும்பத் திரும்பப் பார்த்தார். 12 போர் உதைச்சா புருவம் கிழிஞ்சிடும்.

சீசன் தொடங்கின அன்னிக்கு இருட்டோட வேடிக்கை பார்க்க நானும் கிளம்பினேன். தோளில் வழக்கமான சிவப்புத் துண்டு. காட்டோரம் வண்டியை நிறுத்தினவர் அதையே பார்த்தார். சேவல் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அந்த நிறம் எதுவும் உடம்புல இருக்கக் கூடாதாம். வேற எவனோ ஒருத்தன் ஸ்கோப்புல நான்தான் கோழி.

துண்டைச் சுருட்டி சீட்டுக்கு அடியில வெச்சுட்டு இறங்கினேன்.