காத்திருந்தேன், காணவில்லை

நான் சொன்ன பொய்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று இன்னும் நெஞ்சை உறுத்துகிறது. அது நிலவைப் பற்றிய பொய்.

சேலத்திலிருந்து ஆலைப் பணிக்கு வந்த என் தந்தையார் நஞ்சன்கூட்டிலேயே தங்கிவிட்டார். கபிலையாற்றங்கரையில் நஞ்சுண்டேசுவரர் கோயில்கொண்ட ஊர் அது. இறைவன் நஞ்சுண்ட அதே பாற்கடற் கதையில்தான் இராகு அமுதத்தைக் களவாக உண்டதும், காட்டிக்கொடுத்த திங்கள்மேல் பகைகொண்டதும் வருகின்றன.

2023ஆம் ஆண்டு மே 5, சித்திரா பௌர்ணமி. இரவு 8.44க்குப் புறநிழல் மறைவு தொடங்கும் என்று வீட்டில் அறிவித்தேன். அப்பாயி பஞ்சாங்கத்தைப் பார்க்கச் சொன்னார். அதில் கிரகணம் இல்லை! நான் விடவில்லை. "பூமி கதிரவனை முழுதும் மறைக்கும் இடம் கருநிழல். அரைகுறையாய் மறைக்கும் இடம் புறநிழல். அதற்குள் போனால் நிலா சற்றே மங்கும்" என்று விளக்கினேன்.

"கண்ணுக்குத் தெரிந்தால் கிரகணம், இல்லாவிட்டால் சாப்பிட்டுப் படுப்பேன்" என்றார் அப்பாயி. உச்சநேரம் 10.52. அதுவரை உண்ணாமல் மாடியில் என்னுடன் நின்றார்.

"தெரியுதா கண்ணு?"

எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. ஆனால் நான் அறிவியல் மாணவன் அல்லவா! "நல்லாத் தெரியுது அப்பாயி, மங்குது பார்" என்றேன்.

"ஆமாம் கண்ணு, நீ சொன்ன பிறகு எனக்கும் தெரியுது" என்றார். அன்றிரவு அவர் உண்ணவில்லை. ஒரு மணிக்குக் கிரகணம் விட்டதும் குளிர்ந்த நீரில் தலைமுழுகினார். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார்.

நிற்க. முதுகலை வகுப்புக்கு வந்தபின் பழங்கால மறைவுகளைப் பற்றிப் படித்தேன். திங்களைப் பாம்பு கொண்ட செய்தி எங்கும் பரவுவதை, காதலரைப் பற்றிய அலருக்கு உவமை சொன்னார் வள்ளுவர். அலராகாத மறைவுகளும் பல உண்டு. கி.மு. 2000 முதல் கி.பி. 3000 வரையிலான 5000 ஆண்டுகளுக்கு நாசா கணித்த 12,064 நிலவு மறைவுகளில் 4,378 புறநிழல் மறைவுகளே. பண்டை மக்களின் தலைக்கு மேலே இவை நிகழ்ந்தன. பெரும்பாலானவற்றை எவரும் அறியவில்லை. கி.பி. 499இல் ஆரியபட்டர் மறைவுக்குக் காரணம் பூமியின் நிழலே என்றார். புறநிழலுக்கு இன்று உலகம் வழங்கும் பெயரைக் கெப்ளர் தந்தது 1604இல்தான்.

என்னை நாணவைத்தவர்கள் பாபிலோனியர். மறைவுகளை முன்கூட்டியே கணித்து, இரவில் விழித்திருந்து, களிமண் பலகைகளில் குறித்தவர்கள் அவர்கள். கணித்த மறைவு தென்படாதபோது, காத்திருந்தும் காணவில்லை என்றே பொறித்துவைத்தார்கள். தங்கள் கணக்குக்கு இழுக்கு வருமே என்று அஞ்சவில்லை.

அன்றிரவு என் கணக்கு சரியாகவே இருந்தது, சாட்சிதான் பொய். மறைவு உண்மை, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அறிவியலுக்கு ஒரு குறையும் வந்திராது. அப்பாயியும் உண்டு உறங்கியிருப்பார்.

சென்ற விடுமுறையில் அவரிடம் உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எனக்கும் தெரியலை கண்ணு. படிச்ச பிள்ளை சொல்றியே என்றுதான்..." என்றார்.

நண்பர்களே, படித்தவர் சொல்லை நம்பித் தம் கண்ணையே ஐயுறும் ஒருவர் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார். அன்று என் குறிப்பேட்டில் 'மங்கியது கண்டேன்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, பாபிலோனியர் வழியில் திருத்தினேன்: காத்திருந்தேன், காணவில்லை.