‘அது’ என்பது எது?

ஒன்பதாம் வகுப்பு வரை என்னை எல்லாரும் நன்றாகப் படிப்பவன் என்றே எண்ணினர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். பாடத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டுமெனில் ஆசிரியர் என்னைத்தான் எழுப்புவார். லகர, ளகர, ழகரங்கள் பிறழா. காற்புள்ளியில் குரல் நின்று செல்லும். படித்ததன் பொருள் என்னவென்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

பத்தாம் வகுப்பிற்கு வந்த தமிழாசிரியை ஒருநாள் நூல்களை மூடிவைக்கச் சொன்னார். ஏரிப்பாசனம் பற்றிய பத்தியொன்றைத் தொடர் தொடராக வெட்டி, ஐவர் கொண்ட ஒவ்வொரு குழுவிற்கும் ஐந்து தாள் துண்டுகளைத் தந்தார். அவரவர் துண்டைப் பிறருக்குக் காட்டலாகாது. அதை அப்படியே படிக்கவும் கூடாது. பொருளைத் தம் சொல்லில் கூறி, பத்தியின் வரிசைப்படி ஐவரும் நிற்க வேண்டும். இதுவே விளையாட்டு.

‘அதனை அடைத்துவிட்டால் பெருமழையில் ஏரிக்கரை உடையும்’ என்பது எனக்குக் கிடைத்த தொடர். பழக்கத்தால் அதை ஏற்ற இறக்கத்தோடு படித்துவிட்டேன். “படிக்காதே, சொல்” என்றார் ஆசிரியை. “எதையோ அடைத்தால் கரை உடையுமாம்” என்றேன்.

“எதை?” என்று கேட்டான் குழுவில் இருந்த ஒருவன். அவன் எழுத்துக்கூட்டிப் படிப்பவன். அவன் படிக்கும்போது சிரித்தவர்களுள் நானும் ஒருவன். மதகைப் பற்றிய துண்டு வைத்திருந்தவளுக்குப் பின்னால் போய் நின்றேன். அவன் என் கையைப் பிடித்திழுத்தான்.

“மதகு வயலுக்குத் தண்ணீர் விடுற வழி. அதை அடைச்சா ஏரி ஏன்டா உடையும்? மிச்சத் தண்ணீர் வழியறது கலிங்குல. அதை அடைச்சாத்தான் கரை போகும். இங்க வந்து நில்லு.”

அவன் தந்தை எங்கள் ஊர் ஏரியின் மதகைத் திறந்து மூடும் நீர்பாய்ச்சி. நானும் அந்த ஏரிக்கரையில்தான் வளர்ந்தேன். ஆயினும், நான் படித்த சொல்லுக்கும் நாள்தோறும் கண்ட நீருக்கும் இடையே என் மனத்தில் வழியேதும் இல்லை.

நன்னூல் பொருள்கோளை எட்டாக வகுக்கிறது. அடிகளை இடம் மாற்றினும் பொருள் மாறாதது அடிமறிமாற்று. தொடக்கம் முதல் இறுதி வரை இடையறாது ஒழுகுவது ஆற்றுநீர். எட்டுப் பெயர்களையும் மனப்பாடமாக ஒப்பித்திருந்த எனக்கு, அவை செய்யுளுக்கு மட்டும் உரியன என்ற எண்ணம். ஓர் உரைநடைத் தொடரை இடம் மாற்றினால் ஏரிக்கே தீங்கு நேரும் என்று அன்று கண்டேன்.

இன்று நானும் தமிழாசிரியன். அதே விளையாட்டைச் சிறு மாற்றங்களோடு நடத்துகிறேன். முதலில் முடிக்கும் குழுவிற்கு மதிப்பெண் என்று அறிவித்துப் பார்த்தேன். விரைந்து படிப்போர் பிறர் துண்டுகளைப் பறித்துத் தாமே அடுக்கினர். எழுத்துக்கூட்டிப் படிப்போர் வாய் திறக்கவில்லை. மதிப்பெண்ணை நிறுத்திவிட்டேன். சில நாள்களில் ஒரு துண்டை நானே ஒளித்துவைத்து, விடுபட்ட தொடர் என்னவாக இருக்கும் என்று கேட்பதுண்டு.

சென்ற வாரம் நானே எழுதிய பத்தியொன்றை வெட்டிக் கொடுத்தேன். எல்லாரும் வரிசையில் நின்றபின்னும் ஒரு மாணவி மட்டும் விலகி நின்றாள். அவள் கையில் ‘அதனால் ஊரார் அங்கே கூடினர்’ என்னும் துண்டு.

“இது இரண்டு இடத்திலும் பொருந்துகிறது ஐயா. எந்த ‘அதனால்’?”

துண்டை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பேனாவை எடுத்து, என் தொடரைத் திருத்தத் தொடங்கினேன்.