நலம் விசாரிக்கச் செல்லுமுன்

மார்க்கையன்கோட்டையில் ஒருவர் மருத்துவமனையிலிருந்து திரும்பினால், அஸருக்குப் பின் ஜமாஅத்தே அவர் வீட்டில் கூடிவிடும். அழகிய வழக்கம். ஆயினும் திரும்பியவர் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவராயின், வாசலிலேயே நாம் சற்று நிற்க வேண்டும்.

இந்தியாவில் இச்சிகிச்சை 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் வெற்றி கண்டது. பிறர் உறுப்பை உடல் அந்நியமெனத் தாக்காதிருக்க, டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட் போன்ற மாத்திரைகளை அச்சிறுநீரகம் இயங்கும் காலமெல்லாம் உட்கொள்ள வேண்டும். அவை நோயெதிர்ப்பாற்றலையும் அடக்குகின்றன. நமக்கு மூன்று நாள் சளியாகக் கழியும் வைரஸ், அவருக்கு நுரையீரல் அழற்சியாக முற்றலாம். முதல் சில மாதங்களில் அபாயம் மிகுதி. முதுமையும் நீரிழிவும் சேர்ந்தால் இன்னும் மிகும். கொரோனாக் காலத்தில் உலகெங்கும் இது தெரிந்தது. தடுப்பூசியும் அவருக்கு முழுப் பலன் தருவதில்லை. ஆகவே உடன் வாழ்வோரும் போட்டுக்கொள்வதே அவருக்கு அரண்.

நோயுற்ற ஒட்டகத்தை நலமான ஒட்டகங்களிடம் கொண்டுசெல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இருமல் உள்ளவர் தொலைபேசியில் ஸலாம் கூறி துஆச் செய்தாலும் அது நலம் விசாரித்தலே. அவர் ஜுமுஆவுக்கு வராத வாரங்களில் காரணம் துருவவும் வேண்டா. நோயச்சம் ஷரீஅத் ஏற்கும் தக்க காரணமே. காய்ச்சல் கண்டால் அன்றே அவர் மருத்துவரிடம் செல்லட்டும். மாத்திரைகளைத் தாமாக நிறுத்துமாறு எவரும் யோசனை கூற வேண்டா.