நைலானா, ரேடியலா?

பெங்களூரு டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் பக்கம் நடந்தால் ஜே.சி. ரோட்டின் இருபுறமும் வண்டிச் சாமான் கடைகள்தான். சீட் உறை, ஹாரன், பக்கவாட்டுக் கண்ணாடி எல்லாம் நடைபாதை வரை வழிந்து கிடக்கும். மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயர் கொண்ட சாலை. முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஆட்டோக்காரர் ஒரு நொடி யோசிப்பார்.

அங்கே ஒரு பின்சந்து ஒர்க்‌ஷாப்பில், 1950களின் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மரக்கட்டைகள் மேல் நின்றது. இங்கிலாந்தின் அபிங்டனில் 1955 முதல் 1962 வரை, லட்சத்துக்குச் சற்று மேல் தயாரான வண்டி இது. பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. கழற்றிய நாலு கம்பிச் சக்கரங்களும் சுவரோரம் சாய்ந்திருந்தன. டயர் மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நான் போயிருந்தேன். அரை மணி நேர வேலை என்று நினைத்தது என் தப்பு; திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

மேஸ்திரிக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். திருப்பத்தூர் பக்கம். சிறுவயதில் பெங்களூருக்கு வந்தவர், கன்னடத்திலேயே கணக்குப் போடுகிறார், தமிழில்தான் திட்டுகிறார். கழற்றிய பழைய டயரைக் காலால் உருட்டிக் காட்டினார். 5.90-15. அம்பாசடர் டயர்.

“அந்தக் காலத்துல இதுக்கு வேற என்ன சார் போடுறது? அம்பாசடர்தான் இதுக்கு அண்ணன்” என்றார். பேச்சுக்குச் சொன்னதில்லை. எம்.ஜி.ஏ.வின் முதல் இன்ஜினும், அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய இன்ஜினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) அதே பி-சீரிஸ், அதே 1489 சி.சி. இரண்டின் ரிம்மும் 15 அங்குலம். எம்.ஜி.ஏ. கேட்டது 5.60-15, அம்பாசடர் டயர் அதைவிடக் கொஞ்சம் பருமன், கொஞ்சம் உயரம். இருந்தாலும் கிடைத்தது, ஓடியது. இறக்குமதி என்றால் பெரிய இடத்துச் சமாசாரம் என்றிருந்த நாட்களில், டாக்ஸிக்காரரும் ஸ்போர்ட்ஸ் கார்க்காரரும் ஒரே கடையில் டயர் வாங்கினார்கள்.

2014-இல் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. டயர் கம்பெனிகள் கூட்டத்துக்குத்தான் அச்சு வார்க்கும். பத்துப் பேருக்காக வார்க்காது. டாக்ஸிகள் குறையக் குறைய அந்த அளவும் கடைகளிலிருந்து குறைந்தது. தம்பிக்குச் செருப்பில்லை.

அப்படியானால் கடையில் குவிந்து கிடக்கிற அளவில் ஒன்றைப் போட்டால் என்ன? 195/65 ஆர் 15 எந்தக் கடையிலும் உண்டு. காகிதத்தில் கணக்குப் போட்டால் ஆசை வரும். அதன் மொத்த உயரம் 635 மில்லிமீட்டர். இந்த வண்டிக்கு ஏற்ற 165 ஆர் 15 ரேடியல் சுமார் 645. ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி”, கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று ஊரே சொல்லும். ஆனால் எம்.ஜி.ஏ.வின் ரிம் நாலு அங்குல அகலம். அந்தப் புது டயர் குறைந்தது ஐந்தரை அங்குலம் கேட்கும். குறுகிய ரிம்மில் மாட்டினால் பக்கச் சுவர் உப்பும், நடுப்பட்டன் மட்டும் தேயும், வளைவில் வண்டி தள்ளாடும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை நிறுத்தும் இடத்தில் திருப்பினால் தோள்பட்டை தனியாகக் கழன்றுவிடும்.

அளவு ஒன்றாக இருப்பதும் போதாது. ஜாகுவார் எக்ஸ்.கே. 120 கேட்டது 6.00-16. நம் ஊர் டிராக்டரின் முன்சக்கரத்திலும் அதே எண்தான் இருக்கும். பின்னது மணிக்கு 30, 40 கிலோமீட்டருக்குள் உழவு ஓட்டச் செய்தது. முன்னதன் பெயரிலுள்ள 120, மைல் கணக்கில் அதன் வேகம். ஆகவே எண்ணுக்குப் பக்கத்திலுள்ள எழுத்தையும் படிக்க வேண்டும்: எஸ் என்றால் 180 கிலோமீட்டர், எச் என்றால் 210. எழுத்துக்கு முன்னால் 86 என்று போட்டிருந்தால் ஒரு டயர் 530 கிலோ தாங்கும். எம்.ஜி.ஏ.வின் எடையே சுமார் 900 கிலோதான். பாரம் ஒரு கவலையே இல்லை.

அடுத்த கேள்வி, நைலானா ரேடியலா. ஒர்க்‌ஷாப் பேச்சில் ‘நைலான்’ என்றால் நூலடுக்குகள் குறுக்கும் நெடுக்கும் சாய்வாக ஓடும் பழைய வகை. ரேடியலை மிஷலின் 1940களின் கடைசியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அழகுப் போட்டிக்குப் போகிற வண்டிக்கு நைலான்தான் மதிப்பெண் வாங்கித் தரும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் நந்தி மலைக்கு ஏறுகிற வண்டிக்கு, அதுவும் பெங்களூரு மழையில், ரேடியல்தான் என் ஓட்டு. நைலான் டயர் சாலையின் ஒவ்வொரு தடத்தையும் பிடித்துக்கொண்டு போகும். ஸ்டீயரிங்கை விடாமல் கெஞ்ச வேண்டும். “ரெண்டும் கலக்க மட்டும் கூடாது. ஒரே ஆக்சில்ல ஒண்ணு அது, ஒண்ணு இது போட்டா, ஜோடி சேராத மாடு பூட்டின கதைதான்” என்றார் மேஸ்திரி.

வண்டிக்காரர் ரேடியலைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஐரோப்பாவில் இந்த அளவுகளை இன்னும் வார்க்கிறார்கள். அப்படி வார்க்கும் பழைய டச்சு பிராண்டான விரெடஸ்டைன் 2009 முதல் நம் அப்போலோ டயர்ஸ் கையில் இருப்பது ஒரு வேடிக்கை. 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து, லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டு டயரை வரவழைக்க முடியாது. இவர் அதற்கு முன்பே வாங்கி இருட்டறையில் அடுக்கி வைத்தவர்.

மேஸ்திரி அந்தப் புது டயரைப் புரட்டி, பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருந்த நாலு எண்களைக் கட்டைவிரலால் துடைத்தார். 3519. அதாவது 2019-இன் 35-ஆவது வாரம், ஆகஸ்ட் கடைசி. “ஓடாமயே ஆறு வயசு ஆயிடுச்சு” என்று சிரித்தார். ரப்பருக்கு ஓட்டம் மட்டுமல்ல, காற்றும் வெயிலும்கூட வயதுதான். ஐந்தாண்டு கடந்தால் வருடத்துக்கொருமுறை பார்க்கச் சொல்லும் கம்பெனிகள், பத்தாண்டில் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் தூக்கிப்போடச் சொல்கின்றன. நாலு டயரையும் ஒவ்வொன்றாக விரித்து, பட்டன்களின் இடுக்கில் நகத்தை அழுத்திப் பார்த்தார். மயிரிழை வெடிப்புகூட இல்லை.

பிறகு தொடங்கியதுதான் அசல் வேலை. ஒரு சக்கரத்துக்கு 48 கம்பி. பென்சிலால் ஒவ்வொன்றையும் தட்டினார். ணிங், ணிங், ணிங், பிறகு ஒரு ‘டொக்’. தொய்ந்த கம்பி. ஸ்பானரை வைத்து கால் சுற்று முறுக்கினார், எதிர்க்கம்பியையும் பார்த்துக்கொண்டார். சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பது போலத்தான், ஆனால் இங்கே நூறு கிலோமீட்டர் வேகத்தில் தெரியும் கோட்டம். ரிம்முக்குள் துருத்தியிருந்த இரண்டு கம்பி முனைகளை அரத்தால் சீவி, மேலே ரப்பர் பட்டையைச் சுற்றினார். கம்பிச் சக்கரத்தின் துளைகள் வழியே காற்று கசியும் என்பதால் டியூப் கட்டாயம். டயரின் உள்ளே ஒட்டியிருந்த சின்னக் காகிதச் சீட்டை உதவிப் பையன் கவனிக்கவில்லை.

“டேய், அதைச் சுரண்டுடா. ஓடுற சூட்டுல அதே உரசி டியூப்ல ஓட்டை போட்டுடும்.”

பையன் சுரண்டினான். டால்கம் பவுடரை உள்ளே தூவிக் கையால் பரப்பினான். முகப்பவுடர் வாசனையோடு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் டயர்.

இந்தச் சக்கரங்களுக்கு நாலு போல்ட் கிடையாது; நடுவில் காது வைத்த ஒரே பெரிய நட்டுதான். இடப்பக்கம் வழக்கமான மரை, வலப்பக்கம் எதிர்மரை. ஓட ஓடத் தானே இறுகுவதற்காக அப்படிச் செய்தது. பக்கம் மாற்றி மாட்டினால் ஓட ஓடக் கழலும். செம்புச் சுத்தியலால் மூன்று அடி. இரும்புச் சுத்தியல் என்றால் காதில் வடு விழுந்துவிடும்.

சாயங்காலம் வண்டி தரையில் இறங்கியது. வாங்கி வைத்ததே நாலு டயர்தான். ஸ்டெப்னிக்கு அந்த அம்பாசடர் டயரையே போட்டுவிடலாமா என்று வண்டிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். மேஸ்திரி பதில் சொல்லாமல் டிக்கியைத் திறந்து அதை உள்ளே தள்ளினார். பிறகு சாக்பீஸை எடுத்து, டயரின் பக்கச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதினார்: ‘வீடு வரைக்கும்’.