குறைந்த தரகு யாருக்கு இலாபம்?

பதுளையில் காணி விற்க முனைவோர் பத்திரிகையாளனான என்னிடம் கேட்பதுண்டு: "குறைந்த தரகு கேட்பவரிடம் கொடுக்கலாமா?"

கணக்கைப் பாருங்கள். 20 இலட்சம் ரூபாய்க்கு விற்றால் 3 வீதத் தரகு 60,000 ரூபாய். 1 வீதக்காரர் அவசரமாக 19 இலட்சத்துக்கு முடித்தால் தரகு 19,000 மட்டுமே. ஆனால் உங்கள் கைக்கு வருவதோ 59,000 ரூபாய் குறைவு. விலையில் ஓர் இலட்சம் சரிந்தாலும் அவருக்கு இழப்பு 1,000 ரூபாய்தான். எதற்காக அவர் பேரம் பேசுவார்?

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அளிப்புக் காணியானால், பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்பனை செல்லாது. விரைந்து முடிக்கும் தரகர் இதைச் சொல்லாமலே விடக்கூடும்.

தோட்ட லயத்தில் பிறந்து, கொழும்பில் உழைத்துப் பத்துப் பேர்ச் வாங்கியவருக்கு அதுவே ஆயுட்காலச் சேமிப்பு. அவர் முதலில் பத்திரத்தை நொத்தாரிசிடம் காட்டட்டும். தரகு வீதத்தைப் பிறகு பேசலாம்.