டப்பாப் பட்டாணி

காய்கறி என்றால் கூடையில் வந்து, பேரம் பேசப்பட்டு, முறத்தில் விழ வேண்டும் என்ற கொள்கை உடையவள் என் மனைவி. சிங்கப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் எங்கள் மகன் கொண்டு வந்த தகர டப்பாக்கள் - பச்சைப் பட்டாணி, இனிப்புச் சோளம், இன்னும் ஏதேதோ - பரண்மேல் வாசம் செய்தன. "யாராவது வெள்ளைக்காரன் விருந்துக்கு வந்தால் எடுத்துக்கொள்ளலாம்" என்பாள்.

வெள்ளைக்காரன் வரவில்லை; வெள்ளம் வந்தது.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு சைதாப்பேட்டைக்குள் புகுந்ததல்லவா? விடிவதற்குள் கீழ் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அந்த வீட்டு மாமி, அவர் மகன், மருமகள், இரண்டு குழந்தைகள் எல்லோரும் எங்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. காய்கறிக்காரர் எந்தத் தெருவில் நீந்திக்கொண்டிருந்தாரோ! அடுப்பில் எரிவாயு இருந்தது, அரிசியும் இருந்தது. மறுநாள் மாலைக்குள் குடிநீர்தான் இரண்டு செம்பாகக் குறைந்து போயிற்று. அதில் சோறு வடிப்பதா, குடிப்பதா?

மனைவி மாடிப்படியில் வழுக்கிக் காலை வீங்க வைத்துக்கொண்டிருந்தாள். மருமகளின் மடியில் காய்ச்சல் கண்ட குழந்தை. ஆகவே, வெந்நீர் வைப்பதோடு சமையல் கல்வியை முடித்துக்கொண்ட நான் பரண் ஏறினேன்.

டப்பா திறக்கும் கருவி அகப்படவில்லை. திருப்புளியை மூடியில் வைத்து அம்மிக் குழவியால் ஒரு போடு போட்டேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தகர டப்பா வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துத்தான் அதைத் திறக்கும் கருவி வந்தது. அதுவரை வெள்ளைக்காரனுக்கும் உளியும் சுத்தியும்தான். ஒரு டப்பா உப்பியிருந்தது. அதைத் திறக்காமலே தூர வைத்தேன். உப்பிய டப்பாவை ருசி பார்ப்பதுகூட விபரீதம். உள்ளே விஷக் கிருமி வளர்ந்திருக்கலாம்.

சோளத்தைக் கையால் மசித்து, அரிசி மாவும் கடலை மாவும் சேர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய் அரிந்து போட்டேன். மாவைக் கரைக்கத் தண்ணீர்? டப்பாவுக்குள்ளேயே இருந்தது! அந்த உப்பு நீரையே விட்டுக் கெட்டியாகக் கரைத்துச் சின்னச் சின்ன அடையாக வார்த்தேன். முதல் அடை கல்லோடு உறவு கொண்டாடிற்று. மற்றவற்றைப் பெரிய குழந்தை எண்ணி எண்ணித் தின்றது.

மாமிக்கு வெங்காயம் ஆகாது. பட்டாணியை வடித்து, கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம் தாளித்து ஒரு புரட்டுப் புரட்டினேன். ஏற்கெனவே வெந்ததுதானே, அதற்குமேல் கிளறினால் களியாகிவிடும். ஐந்து நிமிஷத்தில் சுண்டல் தயார்.

மாமி தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"என்னைக்கோ யாரோ வேகவெச்ச பழையது. எனக்கு வேண்டாம்."

அவருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் ஒரு பிடி அவல் தின்றதோடு சரி. கை நடுங்கிக்கொண்டிருந்தது. மகன் கெஞ்சினார், பலிக்கவில்லை. எனக்கு வேறு வழி தெரியாமல் கதை சொல்ல ஆரம்பித்தேன். பிரான்ஸ் தேசத்தில் நிக்கோலா அப்பேர் என்று ஒரு மிட்டாய்க்காரர். உணவைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, காற்றுப் புகாமல் அடைத்து, புட்டியோடு கொதிநீரில் வேகவைத்துக் கெடாமல் காத்தார். 1810-ல் அந்நாட்டு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது என்றேன்.

பரிசில் மாமிக்குச் சிரத்தை இல்லை. "இரு. வேகவெச்சுட்டு மூடறாளா, மூடிட்டு வேகவெக்கறாளா?" என்று கேட்டார்.

"மூடிவிட்டுத்தான் மாமி. கிருமி சாகிற வேக்காடு அதற்கப்புறம்தான்."

மாமி சற்று யோசித்தார். "அப்போ வெந்தப்புறம் ஒரு கையும் படலை. நீதான் முதல்ல தொட்டிருக்கே."

"ஆமாம்."

"கை அலம்பினாயோ?"

"மழைத் தண்ணீரில்."

தட்டு அவர் பக்கம் நகர்ந்தது. ஒரு வாய், இரண்டு வாய், மூன்றாவது வாய். மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உப்பு ஜாஸ்தி" என்றார் மாமி.

உண்மைதான். டப்பாப் பட்டாணியை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத் தாளிக்க வேண்டும். அலசத் தண்ணீர் இல்லை. போதாதற்கு, பழக்கதோஷத்தில் நான் வேறு ஒரு சிட்டிகை போட்டிருந்தேன்.