ஒரு பெண், பின்னால் இருபது பேர்

கடலில் ஒரு பெண் திமிங்கிலத்தின் பின்னால் சில சமயம் இருபது ஆண்கள்கூட அணிவகுத்துப் போகுமாம். கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பெண் தேடும் படலம் இது. பெண்ணின் பக்கத்தில் இடம்பிடித்த ஆண் மற்றவற்றை அண்டவிடாது. வாலால் அடிக்கும், தலையால் மோதும், நீர்க்குமிழிகளைத் திரைபோல விடும். மணிக்கணக்கில் ரத்தக் காயத்தோடு நடக்கும் சண்டை. பெண் வழக்கமாக இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் குட்டி ஈனும். அதனால் ஒவ்வொரு பருவத்திலும் ஜோடி சேரத் தயாரான பெண்கள் குறைவு.

ஆண்கள் பாடவும் செய்யும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் 1997-ல் சுமார் 3,700 திமிங்கிலங்கள்தான் இருந்தன. அப்போது பாட்டுக்கு மவுசு அதிகம். 2015-ல் 27,000 ஆனதும், பாடாத ஆண்கள்தான் அதிகம் பெண்களோடு காணப்பட்டன. கூட்டம் பெருகினால் பாட்டு குறைந்து, மல்லுக்கட்டு கூடுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு என் அக்கா மகன் நினைவு வந்தது. ஓமலூர் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறான். வயது 34. கெட்ட பழக்கம் கிடையாது. ஏழு வருடமாகப் பெண் தேடுகிறோம். எந்தத் தரகரிடம் போனாலும், நமக்கு முன்பே பத்து ஜாதகம் காத்திருக்கிறது.

திமிங்கிலத்துக்கு இந்தத் தட்டுப்பாடு இயற்கை. நமக்கு நாமே செய்துகொண்டது. பெண் சிசுக்களைக் கொல்லும் கொடுமையைத் தடுக்கத்தான் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் நம் சேலத்தில் தொடங்கியது. அந்த வருடங்களில் பிறந்த பையன்கள்தான் இன்று ஜாதகத்தோடு அலைகிறார்கள். அன்று 'பொட்டப்புள்ளையா' என்று முகம் சுளித்த பாட்டிகள் இன்று பேரனுக்காகக் கோயில் கோயிலாக விளக்கேற்றுகிறார்கள்.

அரபிக்கடலிலும் மனிதன் கை பட்டிருக்கிறது. 1965, 1966-ல் சோவியத் கப்பல்கள் அங்கே 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களை வேட்டையாடின. இன்று ஓமன் கரையில் நூறுகூட இல்லை என்கிறார்கள். அதில் 'லுபான்' என்ற பெண், 2017 கடைசியில் கோவா பக்கம் வந்து நம் தென்முனை வரை நீந்திவிட்டுத் திரும்பியதைச் செயற்கைக்கோள் கருவி காட்டியது.

போன வாரம் ஒரு பெண் வீட்டார் பேசினார்கள். "நான் தறிக்கு வரமாட்டேன், சேலத்துக்கு வேலைக்குத்தான் போவேன்" என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள். அக்கா இழுத்தாள். மகன் மட்டும், "போகட்டும்மா, பஸ் ஸ்டாண்டுல நான் கொண்டுபோய் விடறேன்" என்றான். அந்தப் பதிலைப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறோம். இனி முடிவு அவளுடையது.